பழனி அடிவாரத்தில் ‘நவபாஷாண மணி’ வாங்கிவிடாதீர்கள்

போன கிருத்திகைக்கு மறுநாள் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. ரோப் காரில் போய்விடலாம் என்று முடிவு செய்துதான் கரூரில் பஸ் ஏறினோம். அடிவாரத்துக்கு வந்ததுமே, நெற்றி நிறைய விபூதியும் காவி வேட்டியுமாக ஒருவர் எதிரே வந்தார். “ரோப் கார் இன்னைக்கு ஓடாதுங்க சாமி, பராமரிப்பு. விஞ்சுக்கு நின்னா மூணு மணி நேரம் ஆகும். நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

நம்பிவிட்டேன். பராமரிப்புக்காக ரோப் காரைத் தினமும் கொஞ்ச நேரம், மாதத்தில் ஒரு நாள், வருடத்தில் சில வாரங்கள் நிறுத்துவது உண்மைதான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. தெற்கு கிரி வீதி வரை நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். விஞ்சில், அதாவது மலைமேல் இழுத்துச் செல்லும் இழுவை ரயிலில், மேலே போன பிறகுதான் ரோப் கார் பெட்டிகள் வந்து போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தோம். விஞ்சுக்கும் முக்கால் மணி நேரம்தான் ஆனது.

மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் செல்போனுக்குத் தடை. போனை வாங்கி வைக்கக் கோயிலே கவுன்டர் நடத்துகிறது. அங்கே வரிசை பெரிது என்று சொல்லி, அவர் தனக்குத் தெரிந்த கடையில் வைக்கச் சொன்னார். வைத்தால் தட்டும் அங்கேதான் வாங்க வேண்டும். தேங்காய், பழம், ஒரு முழம் பூ, சின்ன பன்னீர் பாட்டில். மூன்று தட்டுக்கு 1,950 ரூபாய். சிறப்பு தரிசனத்துக்கு என்று தனியாக 1,500. கையில் வந்த சீட்டுகளில் அச்சடித்திருந்த விலையைக் கூட்டினால் அதில் பாதிகூட வரவில்லை.

இதெல்லாம் பணத்தோடு போயிற்று என்று விட்டிருப்பேன். மணி விஷயத்தை விட முடியவில்லை.

இறங்கி வந்ததும் போனை எடுக்க அதே கடைக்குத்தானே போக வேண்டும்? நான் பஸ் நேரம் விசாரிக்கப் போன இடைவெளியில், அம்மாவை உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, அந்தக் காவி வேட்டிக்காரர் போகர் கதையை ஆரம்பித்திருக்கிறார். ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் சித்தர் முருகன் சிலையைச் செய்த கதை. அம்மா சற்று முன்புதான் மலைமேல் போகர் சமாதி முன்னால் வெகுநேரம் கண்மூடி நின்றுவிட்டு வந்திருந்தார். “சிலை செஞ்சது போக மிஞ்சின மருந்துல உருட்டின மணிம்மா. ராத்திரி தண்ணியில போட்டு வெச்சு காலையில குடிங்க, ஒரு மண்டலத்துல முட்டி வலி போயிடும்.” நான் திரும்பி வந்தபோது மணி அம்மா கழுத்தில் ஏறியிருந்தது. 4,500 ரூபாய், பில் கிடையாது. தண்ணீரில் போட்டுக் குடிக்கச் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லவில்லை.

பாஷாணம் என்றாலே நஞ்சு. சித்த மருத்துவத்தில் சொல்லும் வீரம், பூரம் இரண்டும் பாதரசச் சரக்குகள். தாளகத்தில் ஆர்சனிக் இருக்கிறது. நஞ்சை முறிக்கும் சுத்தி முறை தெரிந்த வைத்தியர்களே அளந்து, பயந்து கையாளுகிற பொருள்கள். அந்த மணி வெறும் சாயம் போட்ட பிசின் என்றால் நஷ்டம் காசு மட்டும்தான். நிஜமாகவே பாதரசம் கலந்தது என்றால், ஊறவைத்துக் குடிக்கிறவர் உடம்பில் அது சேரும். அம்மா நான்கு நாள் குடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் சித்த மருத்துவர் மணியைப் பார்த்ததுமே நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். நல்லவேளையாக ஒன்றும் இல்லை.

சிலை செய்ததில் மிச்சம், சிலையிலிருந்து உதிர்ந்தது என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சாமி மேல் பட்ட பிரசாதம்தான் வேண்டும் என்றால், இரவில் சாத்தி காலையில் எடுக்கும் ராக்காலச் சந்தனம் இருக்கிறது. அதைக் கோயிலிலேயே கேளுங்கள். பஞ்சாமிர்தமும் அப்படித்தான், தேவஸ்தான ஸ்டாலில் மட்டும் வாங்குங்கள்.

மணியைக் கழற்றிக் கொடுக்கும்போது அம்மா, “முருகன் பேரைச் சொல்லித்தானே கொடுத்தாரு” என்று மட்டும் சொன்னார். தைப்பூசத்துக்கு வீட்டுப் பெரியவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள், கிளம்பும் முன் இந்த மணிக் கதையை அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். ஏற்கெனவே வாங்கி வந்திருந்தால், தண்ணீரில் போட்டுக் குடிக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.