பளபளக்கும் பெயின்ட்டுக்குள் அதே பழைய இன்ஜின்: பழைய கேம்பர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் (உள்ளேயே படுத்து உறங்க வசதியுள்ள வேன்) வைத்திருக்கும் தமிழர்கள் அதிகம் இல்லை. ஆனால் "வாங்கலாமா, செலவு கட்டுப்படியாகுமா?" என்று என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வாங்குவதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். வாங்கிய பிறகு ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கலாம் என்பதை மட்டும் இப்போது சொல்கிறேன். இன்ஜினை முழுதாகப் பிரித்து ரீபில்ட் செய்தோம், இரண்டு பக்கமும் சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகரம்) மாற்றினோம் என்று சொல்லி என்னிடம் 6,400 பவுண்ட் வாங்கியது ஓர் ஒர்க்‌ஷாப். இன்ஜினை அவர்கள் பிரிக்கவே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஊரைக் கேட்டும் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன்.

வண்டி 1973 மாடல், ஹனோவர் தொழிற்சாலையில் செய்தது. முன்பக்கம் ஒரே வளைந்த கண்ணாடி இருக்குமே, அந்த வகை. 1600 சிசி, 50 குதிரைத்திறன், ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் இன்ஜினைக் குளிர வைக்கின்றன. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வண்டி இல்லை. 3,000 மைலுக்கு ஒருமுறை இரண்டரை லிட்டர் ஆயில். அடியில் ஆறு நட்டைக் கழற்றினால் ஆயிலை வடிகட்டும் சல்லடை கையோடு வரும், கழுவி மாட்டலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளுக்கான டேப்பெட் இடைவெளி 0.15 மி.மீ. வைக்க வேண்டும். இதெல்லாம் வீட்டு வாசலில் பழைய பாயை விரித்துப் படுத்துக்கொண்டு நானே செய்வேன்.

வீட்டில் செய்ய முடியாதவை இரண்டு. ஒன்று இன்ஜின் கேஸை (இன்ஜினின் வெளிக்கூடு) பிரித்து பேரிங் மாற்றுவது. அதற்கு அளக்கும் கருவிகளும் கடைசல் வேலையும் வேண்டும். இன்னொன்று துருப்பிடித்த தகரத்தை வெட்டி வெல்டிங் வைப்பது. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது, ஆயிலும் குடிக்க ஆரம்பித்தது. அதனால் இரண்டு வேலையையும் சேர்த்தே வெளியில் கொடுத்தேன். "ஏர்கூல்ட் ஸ்பெஷலிஸ்ட்" (காற்றால் குளிரும் இன்ஜின்களில் நிபுணர்) என்று போர்டு, வாசலில் வரிசையாகப் பழைய பீட்டில்கள், பேச்சிலும் குறை சொல்ல முடியாது. 500 பவுண்டை முன்பணமாகக் கிரெடிட் கார்டில் கட்டினேன்.

வேலை முடிந்ததென்று கூப்பிட்டார்கள், போனேன். இன்ஜின் புத்தம் புதிதாகக் கறுப்புப் பெயின்ட்டில் மின்னியது. பில்லில் இரண்டே வரி: "இன்ஜின் ரீபில்ட், பொருளும் கூலியும், 3,800. சில் மாற்றம், 2,600." பேரிங் என்ன அளவு, பிஸ்டன் எந்தக் கம்பெனி, க்ராங்க் (இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) கடைந்தார்களா, ஒன்றும் இல்லை. உண்மையில் ரீபில்ட் செய்தவர் அந்த அளவுகளை எழுதாமல் இருக்க மாட்டார். கேஸில் பேரிங் உட்காரும் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். அதைப் பெரிதாகக் கடைந்தால் அதற்கேற்ற பேரிங் போட வேண்டும், க்ராங்கைக் கடைந்தாலும் அப்படித்தான். பேரிங் அளவு தெரியாமல் பேரிங் வாங்க முடியாது அல்லவா?

குனிந்து பார்த்தால், இன்ஜினைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் சீலே இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிகளில் பாதி இன்ஜின் சாவது இதனால்தான் என்பது என் கணக்கு. இன்ஜினுக்கு மேலே இருப்பது குளிர்ந்த காற்று, கீழே இருப்பது சிலிண்டர்களைத் தொட்டு வெளியேறிய சூடான காற்று. இரண்டையும் பிரிப்பவை இன்ஜினைச் சுற்றிய தகடுகளும் அந்த ரப்பர் சீலும்தான். சீல் இல்லையென்றால் விசிறி கீழேயிருந்து சூட்டையே மறுபடி உறிஞ்சி இன்ஜின் மேல் ஊதும். கேட்டதற்கு அந்த முதலாளி, "அது அலங்காரத்துக்குப் போடுவது" என்றார். காதில் பூ சுற்றுவது என்றால் இதுதான்.

சிலிண்டருக்கு அடியில் இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் காணோம். "நம் நாட்டுக் குளிருக்கு இது தேவையில்லை" என்றார். குளிர் நாட்டுக்குத்தான் ஐயா அது தேவை. இன்ஜின் சூடேறும்வரை காற்று வழியை மூடி வைப்பதுதான் அதன் வேலை. குளிர்ந்த இன்ஜின் நெடுநேரம் குளிராகவே ஓடினால் தேய்மானம் கூடும்.

அடுத்து, பின்னால் இருக்கும் க்ராங்க் புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். டக் என்று சத்தம். இந்த ஒரு சோதனையை ஏர்கூல்ட் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். க்ராங்க் நீளவாக்கில் அசையும் இடைவெளி 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம், 0.15-ஐத் தாண்டினால் கதை முடிந்தது. ஃப்ளைவீலுக்குப் பின்னால் மூன்று ஷிம் (மெல்லிய உலோக வளையம்) போட்டு இதைச் சரிக்கட்டுவார்கள். நல்ல இன்ஜினில் கைக்கு அசைவே தெரியாது. புது இன்ஜினில் டக்கென்று கேட்கவே கூடாது. "ஓட ஓடச் செட்டாகிவிடும்" என்றார். ஓட ஓடப் பேரிங் தேயும். இறுகிய பேரிங்கை நான் பார்த்ததில்லை.

பணம் கட்டாமல் சாவி தர முடியாது என்றார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி ரிப்பேர் செய்தவர் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், அதில் வாதம் செய்து பயனில்லை. பில்லிலேயே "எதிர்ப்புடன் செலுத்துகிறேன், வேலையின் தரத்தை ஏற்கவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டினேன். அந்த ஒரு வரி பிறகு மிகவும் உதவியது. வண்டியை லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை.

சந்தேகம் ஒன்று, நிரூபணம் வேறு. ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன், மூன்றாம் சிலிண்டரில் என்னதான் கோளாறு என்று பார்க்க ஸ்பார்க் பிளக் துளை வழியாக மெல்லிய வயர் முனையில் இருக்கும் ஒரு மலிவான எண்டோஸ்கோப் கேமராவை விட்டு வீடியோ எடுத்திருந்தேன். இடது பக்கம், முன்னால் ஒளிந்திருக்கும் பிளக் அது, கை நுழைவதே கஷ்டம். எப்போதோ வால்வு இடித்ததில் பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு விழுந்திருந்தது, வீடியோவில் தெளிவாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அதே துளை, அதே கேமரா. அதே பிறை.

அதன்பின் நான் ஸ்பேனரைத் தொடவில்லை. எந்த ஒர்க்‌ஷாப்புடனும் தொடர்பில்லாத ஒரு வாகன ஆய்வாளரை வரவழைத்து, அவர் கண் முன்னால்தான் இன்ஜினை இறக்கினோம். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் ஜாக்கி பிடித்தார். "தம்பி, மதுரையில இந்தப் பெயின்ட் வேலையை நானூறு ரூபாய்க்குச் செய்வானேப்பா" என்று அவர் சொன்னதற்கு ஆய்வாளரைத் தவிர எல்லோரும் சிரித்தோம். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையிலிருந்த கரியைத் துடைத்தால், நான்குமே பழசு. கேஸின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் பழைய சீலன்ட் கெட்டித்துப் போய் இருக்க, அதன் மேலேயே கறுப்புப் பெயின்ட் ஓடியிருந்தது. கேஸைப் பிரித்திருந்தால் அந்தப் பழைய சீலன்ட் அங்கே இருக்க வழியில்லை. ஆய்வாளர் ஒவ்வொன்றையும் படமெடுத்து, அறிக்கையில் "பிரிக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை" என்று எழுதினார்.

ஏமாற்றியதைவிட எனக்குக் கோபம் வந்தது பெட்ரோல் குழாயைப் பார்த்தபோது. மேலே துணி நூல் பின்னிய பழைய ரப்பர் குழாய், விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிகிறது. அதை அப்படியே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் இன்ஜினை ஒட்டித்தான் இருக்கிறது. குழாய் இன்ஜின் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. தகரத்தின் விளிம்பு குழாயை அறுத்துக்கொண்டிருந்தது. ஃபில்டரை நேராக, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். சொட்டினால் தீப்பொறி மேல் சொட்டும். இன்ஜின் கேஸ் மெக்னீசியக் கலவை, பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் மோசமாகும். பின்னால் படுக்கை இருக்கும் வண்டி இது. பிள்ளைகள் அதில்தான் உட்காருகிறார்கள்.

உங்கள் வண்டியை யார் பார்த்தாலும் சரி, குழாயை மட்டும் நீங்களே மாற்றிவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரம் என்று குழாயிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பெட்ரோலும் இ-5 (எத்தனால் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாதது) போடுவது நல்லது.

சில் விஷயத்துக்கு வருகிறேன். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகரம்தான் சில். இந்த வண்டியில் அது மூன்று அடுக்கு: வெளி, நடு, உள். வெளியே துரு தெரிகிறதென்றால் உள்ளே எப்போதோ தின்றாகிவிட்டது. முறையாகச் செய்பவர் வெளித் தகரத்தை வெட்டி எடுத்து, நடுவையும் உள்ளையும் சரிசெய்து, கடைசியில் வெளி சில்லை வைத்து, உள்ளே மெழுகு அடிப்பார். என் வண்டியில் பழைய துருவின் மேலேயே புதுத் தகரத்தைப் போர்த்தி, இடைவெளியில் ஃபோம் அடைத்து, அடியில் கறுப்பாகத் தார் மாதிரி அண்டர்கோட் பூசியிருந்தார்கள். தண்ணீர் வடிய வேண்டிய கீழ் ஓட்டைகளும் அதில் அடைபட்டுவிட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கியை ஏற்றினேன், வண்டி அசையவில்லை, தகரம்தான் உள்ளே போனது.

இதை ஏன் துணிந்து செய்கிறார்கள் என்றால், இந்த வண்டிகளை யாரும் சோதிப்பதில்லை. 2018 மே 20 முதல், 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு வருடாந்தர எம்ஓடி சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்ப்பது) கட்டாயம் இல்லை. அது சலுகை என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஒர்க்‌ஷாப்காரர்களில் சிலர் நம்மைவிட அதிகம் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் விரும்பினால் இப்போதும் சோதனைக்கு விடலாம். சில ஊர்களில் கவுன்சிலே எம்ஓடி மையம் நடத்துகிறது. அங்கே ரிப்பேர் செய்ய மாட்டார்கள், சோதனை மட்டும்தான். அதனால் இல்லாத குறையைச் சொல்வதிலும் அவர்களுக்கு லாபம் இல்லை, இருக்கும் குறையை மறைப்பதிலும் லாபம் இல்லை. சில்லைப் பற்றி நான் சொன்னதை ஆய்வாளரோடு சேர்த்து அவர்களும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்தைத் திரும்பப் பெற என்ன வழி என்று கேட்பவர்களுக்கு: 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்யச் சொல்லலாம், அது சரிப்படாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான எளிய நீதிமன்ற முறை) வழியாக வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இதைவிட வேகமான வழி கிரெடிட் கார்டு. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் வங்கியிடம் கோரலாம். நான் கட்டிய அந்த 500 பவுண்ட் முன்பணம் இப்போது 6,400-க்கும் பேசிக்கொண்டிருக்கிறது. "ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி" என்று ஒருவர் சொன்னால், இந்தப் பாதுகாப்புக்கு அவர் போடும் விலை அது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யாராவது இன்ஜினையோ சில்லையோ ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால், இன்றைக்கே போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். பிரித்த நிலையில் கேஸின் போட்டோ, வண்டி நம்பரும் படத்தில் தெரிகிற மாதிரி வெட்டித் திறந்த சில்லின் போட்டோ. அப்புறம், கழற்றிய பழைய பிஸ்டனும் பேரிங்கும் எனக்கு வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். இப்போது எனக்கு வேலை செய்யப்போகிறவர் நான் கேட்கும் முன்னாலேயே ஒரு பழைய கேஸை மேசையில் வைத்து, எங்கே விரிசல் விடும் என்று காட்டினார். இன்னும் விடாதவர்கள், வெளி சில் வைத்து மூடும் முன்பு நான் வந்து பார்ப்பேன், பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விடுவதற்கு முன் நீங்களே எண்டோஸ்கோப் வீடியோ எடுத்து, தேதி தெரிய வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையும் வீடியோக்களும் வங்கியிடம் போயிருக்கின்றன. பதில் வரும்வரை இன்ஜினில் கை வைக்கக் கூடாது, அது சாட்சிப் பொருள் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். ஆக, இந்தக் கோடையில் கார்ன்வால் பயணம் கிடையாது. முன்பதிவுப் பணத்தைக் கேம்ப்சைட்காரர்கள் மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.