கத்தரியும் போனுமாக: எட்டிம்ஆன்லைன் அகராதி

30 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் போனில் இந்தச் சொற்பிறப்பு அகராதித் தளத்தைத் திறந்து கொடுத்து, "தினமும் உன் வாயில வர்ற வார்த்தையைப் போட்டுப் பாரும்மா" என்றாள். வேறென்ன, 'கட்'தான். கட்டிங் முடிஞ்சுதா, கட்பீஸ் எங்கே, மதியம் கரண்ட் கட்டா.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறதாம். ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள், அடித்துச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. அதற்கு முன் வெட்டுவதற்கெல்லாம் 'கார்வ்' இருந்திருக்கிறது. இப்போது அதற்குச் சிலை செதுக்குவதும் இறைச்சி அரிவதும்தான் மிச்சம். வகுப்புக்குக் 'கட்' அடிப்பது நம் பிள்ளைகளின் சரக்கு என்று நினைத்திருந்தேன். 1794-லேயே பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அந்தப் பேச்சு இருந்திருக்கிறது!

அப்புறம் என் கத்தரிக்கோலைத் தேடினேன், 'ஷியர்ஸ்'. ஷர்ட், ஸ்கர்ட், ஷார்ட் எல்லாம் அதே 'வெட்டு' வேரில் முளைத்தவை. ஷர்ட் ஆங்கிலத்திலேயே இருந்தது, ஸ்கர்ட் வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. இரண்டும் ஆதியில் ஒரே சொல். பிரெஞ்சிலிருந்து வந்த 'டெய்லர்' என்றாலும் வெட்டுகிறவர்தான். தமிழில் நமக்குப் பெயர் தையல்காரர், ஊசிநூல் கணக்கில். வேலை தெரிந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம்தான் சேருவார்கள். என் கடையில் மிஷினில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைப்பேன், கட்டிங் மட்டும் நான்தான். தையல் தப்பினால் பிரித்துவிடலாம். போன தீபாவளிக்கு ஒரு பட்டு ஜாக்கெட்டின் கையை அரை இஞ்ச் குறைத்து வெட்டிவிட்டு, அதே நிறத்துக்கு நாலு கடை ஏறி இறங்கினேன்.

குறை என்றால், நான் பார்த்ததெல்லாம் ஆங்கிலம். வேர்ச்சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி வேறு. எங்கும் எழுதிக் கிடைக்காமல், மொழிகளை ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்று அர்த்தமாம், மகள் சொல்லித்தான் தெரிந்தது. டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தனி ஆளாகத் தொடங்கிய தளம் இது. படிக்கக் காசு வேண்டாம்.

நேற்று லைனிங் துணி எடுக்கப் போனபோது, 'ரீடெய்ல்' என்றாலும் வெட்டிய துண்டு என்றுதான் அர்த்தமாம் என்று கடைக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். "அதான் மீட்டர் மீட்டரா கிழிச்சுத் தர்றோமே" என்றார்.