துணி டயப்பர்: கொடியில் காயும் நேரம்தான் கணக்கு

துணி டயப்பர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எது அதிகம் உறிஞ்சும் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டு வாங்கினேன். எது சீக்கிரம் காயும் என்று கேட்கத் தோன்றவில்லை. பதினான்கு மாதம் துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டு எடுத்த பிறகு எனக்கு மற்ற எல்லாக் கேள்விகளும் அந்த ஒன்றுக்குக் கீழேதான் நிற்கின்றன.

என் மகள் பிறந்தது ஜூலை மாதம், கோவையில் அம்மா வீட்டில். பிரசவத்துக்கு முன்பே அம்மா அப்பாவின் பழைய வேட்டிகளை எடுத்து வைத்திருந்தார். நாலு முழ வேட்டி ஒன்றில் இரண்டடிச் சதுரங்கள் ஆறு கிடைக்கும். ஓரம் அடித்து, வெந்நீரில் அலசி, முப்பத்தாறு துணி தயாராக இருந்தது. நான் என் பங்குக்குச் சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே நடுவே பை வைத்துத் தைத்த பாக்கெட் டயப்பர் ஆறும், எல்லாம் ஒன்றாகத் தைத்த ஆல் இன் ஒன் டயப்பர் ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். பூப்போட்ட, அழகான டயப்பர்கள். அம்மா அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இவ்வளவு தடிமனா இருக்கே, இது எப்போ காயும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

தூக்கியெறியும் டயப்பரைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. அதற்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி ஈரத்தை இழுத்துக் கூழாக்கிக்கொள்கிறது. எந்தத் துணியும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது. துவைக்கும் வேலை இல்லை. பணம் மாதாமாதம் போகும், குப்பை தினமும் சேரும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்கின்றன. எத்தனை வீட்டில் அப்படிச் சுற்றிக் கொடுக்கிறோம் என்பது குப்பை வண்டியில் நின்று கையால் பிரிக்கிறவர்களுக்குத் தெரியும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் என் மகளின் பெயரில் ஒரு குவியல் சேர வேண்டாம் என்பதுதான் நான் துணிப் பக்கம் வந்த காரணம். ஆனாலும் சேரன் எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் என்றால் நானும் அதைத்தான் போடுகிறேன்.

உண்மையான போட்டி துணிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பக்கம் விரித்தால் ஒற்றை அடுக்காக நிற்கும் பழைய சதுரத் துணி, அதன் மேல் நீர் கசியாத கவர். மறுபக்கம் தைத்து முடித்து வரும் பாக்கெட் டயப்பர். அதில் வெளியே பாலியூரிதேன் படலம் ஒட்டிய துணி, உள்ளே வழுவழுப்பான பாலியெஸ்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு பை. பைக்குள் நுண்ணிய செயற்கை இழையான மைக்ரோஃபைபரிலோ பருத்தியிலோ ஆன உறிஞ்சும் பட்டையைச் செருக வேண்டும். ஆல் இன் ஒன் என்பது அந்தப் பட்டையையும் சேர்த்தே தைத்துவிட்டது.

பிறந்த குழந்தைக்கு என்று பார்த்தால் போட்டியே இல்லை. நான் வாங்கிய பாக்கெட் டயப்பர் அட்டையில் மூன்று கிலோவிலிருந்து பதினாறு கிலோ வரை என்று அச்சிட்டிருந்தது. என் மகள் பிறக்கும்போது இரண்டு கிலோ எண்ணூறு. எல்லாப் பொத்தான்களையும் கடைசிவரை இறுக்கிப் போட்டாலும் தொடையோரம் இடைவெளி விட்டது, அந்த வழியாக எல்லாம் வெளியே வந்தது. நாலரைக் கிலோவுக்கு மேல்தான் ஒழுங்காகப் பொருந்தியது. வேட்டித் துணிக்கு அளவே கிடையாது. சிறிய குழந்தைக்கு இன்னொரு மடிப்பு மடித்தால் போதும். தொப்புள்கொடி விழும்வரை அதற்குக் கீழே தழைத்துக் கட்டவும் முடிந்தது. தினம் பத்து, பன்னிரண்டு துணி ஆகும். கோவையின் ஆடிக் காற்றில் மாடிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் காய்ந்தது போலிருக்கும்.

முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சுப் போடும் நம் பழைய முறைக்கு ஒரு குறை உண்டு. துணி நனைந்தால் குழந்தையின் சட்டை, தூளி, தூக்கி வைத்திருப்பவரின் புடவை எல்லாம் நனையும். ரப்பர் ஷீட் மெத்தையைக் காப்பாற்றும், மனிதர்களைக் காப்பாற்றாது. இந்த ஒரு குறைக்காகத்தான் நான் அந்த முறையைப் பழங்காலத்துக்கு உரியது என்று ஒதுக்கியிருந்தேன். கவர் என்று தனியாகக் கிடைக்கிறது என்பதும், வேட்டித் துணியை நீளப் பட்டையாக மடித்து அதற்குள் வைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்பதும் அப்போது தெரியவில்லை.

அக்டோபரில் சென்னை திரும்பினோம். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு, தெற்குப் பார்த்த ஒரு பால்கனி. மகள் ஐந்து கிலோ தாண்டியிருந்தாள், பாக்கெட் டயப்பர் நன்றாகப் பொருந்தியது. மகிழ்ச்சியில் இன்னும் பன்னிரண்டு வாங்கினேன். வேட்டித் துணிகளை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரம் எல்லாம் சரியாக ஓடியது.

பிறகு ஐப்பசி அடைமழை பிடித்தது.

மைக்ரோஃபைபர் பட்டை என்பது ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே நெய்த பொருள். வெயிலில் அரை நாளில் காய்ந்தது, மழைக் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு கேட்டது. பாக்கெட் டயப்பருக்குள் வைக்கும் பருத்திப் பட்டைகளும் வாங்கிப் பார்த்தேன். நான்கைந்து அடுக்கைச் சேர்த்துத் தைத்தவை. மேல்பக்கம் காய்ந்த பிறகும் தையல் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே குளிர்ந்திருக்கும். ஆல் இன் ஒன் மூன்றாம் நாளும் ஈர வாடையோடு தொங்கியது. அது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதனால் எல்லாத் தயாரிப்புகளும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் காற்று எங்கே நுழையும்? பதினெட்டு டயப்பர் இருந்தும் காலையில் கட்டக் காய்ந்தது ஒன்றுமில்லாத நாட்கள் வந்தன. பாதி காய்ந்ததை எடுத்து இஸ்திரி போடலாம் என்றால் பாலியூரிதேன் படலம் உருகிவிடும்.

நான்காம் நாள் அலமாரி மேல்தட்டிலிருந்து வேட்டித் துணியை இறக்கினேன். பிழிந்து, விரித்து, கூடத்தில் கட்டிய கொடியில் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் இரண்டு, இரண்டரை மணி நேரம். அவசரமென்றால் மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் இரண்டு நிமிடம். உடுத்தும்போது எட்டு மடிப்பு, உலரும்போது ஒற்றை அடுக்கு. இந்தத் துணியின் முழு சாமர்த்தியமும் அவ்வளவுதான். உறிஞ்சும் தடிமனை நாம் மடித்து உண்டாக்குகிறோம், துவைக்கும்போது அந்தத் தடிமனை அவிழ்த்துவிடுகிறோம். தைத்த பட்டையில் தடிமன் நிரந்தரம்.

காயும் விஷயத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: தண்ணீர். கோவையில் சிறுவாணித் தண்ணீரில் துளி சோப்புக்கு வாளி நிறைய நுரை வந்தது. மடிப்பாக்கத்தில் துவைக்க ஆழ்குழாய்த் தண்ணீர்தான், வாளியின் உள்விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படியும். அந்தப் பிசுக்கில் சிறுநீரின் மிச்சம் தங்கும். துவைத்து மடித்து வைத்த பாக்கெட் டயப்பர் பட்டை, குழந்தை ஒருமுறை நனைத்ததும் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு அமோனியா வாடை அடித்தது. மகளுக்கு இடுக்குகளில் சிவந்துபோனது. மருத்துவர், முடிந்தவரை எதுவும் கட்டாமல் காற்றாட விடுங்கள், கட்டினால் அடிக்கடி மாற்றுங்கள் என்றார். பட்டைகளைச் சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, நாலைந்து முறை அலசி ஒரு வழியாக வாடையைப் போக்கினேன். மூன்று வாரத்தில் திரும்பவும் வந்தது.

மெல்லிய பருத்தித் துணிக்கும் அதே தண்ணீர்தான். ஆனால் ஒற்றை அடுக்கில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, இரண்டு அலசலில் போய்விடுகிறது. போகாவிட்டால் பாட்டி காலத்து வைத்தியம் இருக்கிறது: பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கலாம். மைக்ரோஃபைபரையோ, எலாஸ்டிக் வைத்துத் தைத்த டயப்பரையோ அப்படிக் கொதிக்க வைக்க முடியாது. நம் வீடுகளில் குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. அந்த எண்ணெய் பாலியெஸ்டர் உள்துணியில் ஏறிவிட்டால் ஈரம் உள்ளே போகாமல் மேலேயே உருண்டு ஓரமாக ஒழுகும். பருத்தியில் எண்ணெய் ஏறினால் வெந்நீரும் சோப்பும் இறக்கிவிடும். துணி மிருதுவாக்கும் திரவத்தை மட்டும் எதற்கும் ஊற்றாதீர்கள். அது இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும்.

துணி என்றாலே சூழலுக்கு நல்லது என்று நினைத்திருந்த எனக்கு ஒரு கணக்கு கண்ணைத் திறந்தது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் தூக்கியெறியும் டயப்பரால் வரும் கரியமிலச் சுமை சுமார் 550 கிலோ, துணி டயப்பருக்குச் சராசரியாக 570 கிலோ. வெந்நீரில் துவைத்து மின் உலர்த்தியில் காயவைத்தால் துணியின் நன்மை கரைந்துவிடுகிறது. வெளியே கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் அந்தச் சுமையில் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. அங்கேயும் கணக்கைத் தீர்மானிப்பதில் எதில் காயவைக்கிறோம் என்பதற்குப் பங்கு உண்டு.

பாக்கெட் டயப்பருக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அதன் வழுவழுப்பான உள்துணி ஈரத்தைத் தோலிலிருந்து பிரித்து வைக்கிறது. மகள் அதில் நிம்மதியாகத் தூங்குகிறாள். வேட்டித் துணியில் நனைந்த உடனே தெரிந்து அழுவாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மடிக்கத் தெரியாதவர்களிடம், மடிக்க நேரமில்லாதவர்களிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் பாக்கெட் டயப்பர்தான் சரி. நான் வேலைக்குத் திரும்பியபோது காப்பகத்தில் இருந்த அக்கா, "துணியெல்லாம் மடிச்சுக் கட்ட எங்களுக்கு முடியாதும்மா, இதுன்னா மாட்டிடுவேன்" என்று பாக்கெட் டயப்பரைக் காட்டினார். அதில் தவறு சொல்ல எதுவுமில்லை. பகலில் காப்பகத்துக்கு நான்கு, இரவுக்கு இரண்டு பட்டை செருகிய ஒன்று என்று இன்றும் தினம் ஐந்து பாக்கெட் டயப்பர் ஓடுகிறது. இரவுக்குச் சணல் போன்ற இழையான ஹெம்ப் பட்டை சிறந்தது என்கிறார்கள். நான் இரண்டு மாதம்தான் வைத்துப் பார்த்தேன். மெதுவாக உறிஞ்சினாலும் நிறையப் பிடிக்கிறது, ஆனால் காய்வதில் மைக்ரோஃபைபரையும் தோற்கடிக்கும் அளவுக்கு மந்தம். இரட்டைக் குழந்தை உள்ள வீட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படி மாறும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மொத்தமாக எதையும் வாங்காதீர்கள். வீட்டில் பழைய பருத்தி வேட்டி நான்கைந்து இருந்தால் அதுவே தொடக்கம். பல நூறு முறை துவைத்த துணி என்பதால் கஞ்சியும் இழையின் இயற்கை எண்ணெயும் போய், முதல் நாளே உறிஞ்சும். வேட்டி இல்லையென்றால் மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி வாங்கலாம். நான் வாங்கிய பாக்கெட் டயப்பர் ஒன்றின் விலையில் நான்கு மீட்டர் மல் துணி வந்தது. ஆனால் புதுத் துணியை ஐந்தாறு முறை வெந்நீரில் துவைத்த பிறகே கட்ட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் மேலே நிற்கும். முப்பது துணி, ஐந்து கவர் போதும். மலம் படாத கவரைத் துடைத்துவிட்டு அடுத்த இரண்டு முறைக்கும் அதையே போடலாம், அதனால்தான் கவர் குறைவாகப் போதும். ஒரே ஒரு பாக்கெட் டயப்பரும் வாங்கி, உங்கள் தண்ணீரில் துவைத்து, உங்கள் பால்கனியில் காயவைத்து, மணி பாருங்கள். மாடியும் வெயிலும் நல்ல தண்ணீரும் உள்ள வீட்டில் அது எனக்குக் கொடுத்த தொல்லையை உங்களுக்குக் கொடுக்காமலும் போகலாம்.

துவைப்பது பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் மாதங்களில் மலம் தண்ணீரிலேயே கரைந்து போகும். ஆறாம் மாதம் சோறும் பருப்பும் தொடங்கிய பிறகுதான் அதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு அலச வேண்டியிருக்கிறது. அதற்கென்று மேல்நாட்டில் தனியாக ஒரு பீச்சுக்குழாய் வாங்கி மாட்டுகிறார்கள். நம் கழிப்பறைகளில் அது ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. ஈரத் துணியை வாளியில் மூடி ஊறவைக்காமல், அலசித் திறந்த கூடையில் போட்டு வைத்தால் வாடையும் வராது.

மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது பகலில் வீட்டில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு துணிதான் ஆகிறது. மீதி இருபதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கார்த்திகையில் பிரசவம் ஆகப்போகும் சித்தி மகளுக்குக் கோவைக்கு அனுப்பியிருக்கிறேன். கூட மூன்று கவரும் போகிறது. அதில் இரண்டுக்குத் தொடை எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. ஈரமாக இருக்கும்போது எலாஸ்டிக் ஓரத்தைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டது என் தவறு. இடுப்புப் பக்கம் மடித்துப் போட்டிருக்க வேண்டும். தையல்காரர் பழைய எலாஸ்டிக்கைப் பிரித்துப் புதியது வைத்துத் தந்துவிட்டார்.