பழைய சிவிக் ஹைபிரிட்டா, அக்சியோவா, கிரேஸா: வாங்குமுன் தேட வேண்டிய பழுதுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களே மீண்டும் மீண்டும் கைமாறின. அதனால், 2005க்கும் 2010க்கும் இடையில் ஜப்பானில் தயாரான ஹொண்டா சிவிக் ஹைபிரிட், அதாவது இங்கு எல்லோரும் எஃப்.டி.3 என்று அழைக்கும் கார், அதன் வயதுக்குப் பொருந்தாத விலையில் இன்றும் விற்பனைக்கு வருகிறது. அதைத் தேடிப் போகிறவர் கண்ணில் ரொயோட்டா அக்சியோ ஹைபிரிட்டும் ஹொண்டா கிரேஸும் படாமல் இருப்பதில்லை.

மூன்றும் ஹைபிரிட் என்றாலும் ஒரே வகையல்ல. சிவிக் மைல்ட் ஹைபிரிட் அமைப்பைக் கொண்டது, அதன் 1.3 லீற்றர் எஞ்சினுடன் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும் 15 கிலோவாற் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, அதிலிருந்து பிரிந்து தனியே காரை இழுக்காது. மற்ற இரண்டிலும் மோட்டாரால் தனித்தும் காரை நகர்த்த முடியும். இந்த வேறுபாட்டை எரிபொருள் கணக்கோடு மட்டும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வாங்குபவரை அதைவிட அதிகம் பாதிப்பது வேறொன்று: சிவிக்கின் ஹைபிரிட் பற்றரி செத்தாலும் கார் ஓடும், அக்சியோவின் பற்றரி செத்தால் கார் நின்றுவிடும். ஆகவே சிவிக்கின் பழுதை மறைத்து விற்பது எளிது.

சிவிக்கில் பின்னிருக்கைக்குப் பின்னால் இருப்பது 158 வோல்ற் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. வெப்பமும், ஓடுவதும் நிற்பதுமான நெரிசலும் அதற்கு ஆகாதவை. கொழும்பில் இரண்டுக்கும் குறைவில்லை. பலவீனமான பற்றரியின் முதல் அடையாளம், மீற்றரில் பாதிக்கு மேல் நிறைந்திருந்த பற்றரிக் கோடுகள் ஏறத்தாழ ஒரே வீச்சில் ஓரிரு கோடுகளாகச் சரிவதும், உடனே எஞ்சின் இழுவை குறைந்து பற்றரியை நிரப்பத் தொடங்குவதும் ஆகும். இதைக் காண ஐந்து நிமிட ஓட்டம் போதாது. ஏசியைப் போட்டுக்கொண்டு பொரளையிலிருந்து மருதானை வரை மாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்தால், நல்ல பற்றரியும் கெட்ட பற்றரியும் தாமாகவே பிரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்குக் காது போதும். சிவிக்கை வழக்கமாக ஸ்டார்ட் செய்வது ஹைபிரிட் மோட்டார்தான். எஞ்சின் சத்தமின்றி உயிர்பெறும். சாதாரண 12 வோல்ற் ஸ்டார்ட்டர் ஒன்றும் அதில் உண்டு, ஆனால் அது கடுங்குளிரிலோ ஹைபிரிட் பற்றரியில் வலு இல்லாதபோதோதான் வேலை செய்யும். கொழும்பில் குளிரைச் சாட்டாகச் சொல்ல முடியாது என்பதால், சாவியைத் திருப்பியதும் பழைய கார்களைப் போல ஸ்டார்ட்டர் சுழலும் ஓசை கேட்டால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டுக் காரின் கணினியை ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும்.

ஐ.எம்.ஏ., அதாவது சிவிக்கின் ஹைபிரிட் அமைப்புக்கான எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது எதற்கும் அத்தாட்சியல்ல. ஸ்கேனரால் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும், மீண்டும் எரியச் சில நாட்கள்கூட ஆகலாம். ஸ்கேன் செய்பவரிடம் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், காரின் சுயபரிசோதனைகள் முடிவடைந்திருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். அவை பெரும்பாலும் முடியாத நிலையில் இருந்தால், அண்மையில் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கக்கூடும்.

2010இல் அமெரிக்காவில், 2006 முதல் 2008 வரையான சிவிக் ஹைபிரிட்களுக்குப் பற்றரியின் ஆயுளை நீட்டிக்கும் மென்பொருள் மாற்றத்தை ஹொண்டா வழங்கியது. அதன் பிறகு எரிபொருள் சிக்கனம் குறைந்துவிட்டதென்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். இந்தப் பற்றரியின் பலவீனம் நம் வெயிலால் மட்டும் வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பற்றரியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஏசி கொம்பிரசரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. சிவிக்கின் கொம்பிரசர் பாதி பெல்ற்றாலும் பாதி மின்சாரத்தாலும் இயங்கும் தனி வகை என்பதால், சாதாரணக் காரின் கொம்பிரசரைக் கொண்டு ஈடுகட்ட முடியாது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதன் விலையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டாக எட்டு ஸ்பார்க் பிளக்குகள் உள்ளன. பின்வரிசை நான்கும் கை எட்டாத இடத்தில் இருப்பதால் முன்வரிசையை மட்டும் மாற்றிவிடுகிற கராஜ்களும் உண்டு. சி.வி.டி. எனப்படும் படியற்ற தானியங்கி கியர்பொக்ஸ் கொண்ட இந்தக் கார், நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது குலுங்கினால் அது ஸ்டார்ட் கிளச்சின் தேய்மானமாகவோ பழைய எண்ணெயாகவோ இருக்கலாம். எண்ணெயை மாற்றியும் குலுக்கல் போகாத காரைத் தொடாதிருப்பதே மேல்.

2013இல் வந்த அக்சியோ ஹைபிரிட்டில் தேட வேண்டியவை குறைவு. அதன் 1.5 லீற்றர் எஞ்சினில் பெரிதாகக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பின்னிருக்கையருகே உள்ள காற்றுத்துளையின் வழியாகத்தான் பற்றரி குளிர்கிறது. அங்கே தூசும் நூலும் அடைத்திருந்தால் பற்றரி ஆண்டுக்கணக்கில் வெந்திருக்கிறது என்று பொருள். கெட்ட செல்களை மட்டும் மாற்றித் தற்காலிகமாக ஓடவிடும் வழக்கமும் உண்டு. ஆகையால் ஸ்கேனரில் ஒவ்வொரு பற்றரித் தொகுதியின் வோல்ற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, வேகமாக முடுக்கும்போது ஏதேனும் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகச் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதிகம் மறந்துபோவது பிறேக் பம்ப்: காரை ‘ரெடி’ நிலையில், அதாவது ஓடத் தயாரான நிலையில் நிறுத்தி, பிறேக்கைத் தொடாமல் காத்திருக்கையில் சில விநாடிகளுக்கு ஒருமுறை முனகல் கேட்டால் அமுக்கம் கசிகிறது, செலவு சிறிதாக இராது.

கிரேஸ் 2014 டிசம்பரில் வெளிவந்தது. பற்றரி லித்தியம் அயன், அதனால் பற்றரிக் கவலை ஓரளவு குறைவு. கவலை முழுவதும் எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளச்களுடன் இயங்கும் ஏழு கியர் கியர்பொக்ஸுக்கு மாறிவிடுகிறது. இதே அமைப்புடன் முன்னதாக வந்த ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா ஓராண்டுக்குள் பலமுறை திரும்ப அழைக்க நேர்ந்தது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளச் சூடேறும். ஆகவே இதையும் அரை மணி நேரம் நெரிசலில் ஊர விட்டு, பின்னர் ஒரு சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

என் தெரிவு அக்சியோதான், தினமும் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்பவருக்குச் சிறப்பாக. தெற்கு அதிவேகப் பாதையில் அதிகம் ஓடுபவர் கிரேஸை எடுக்கலாம். சிவிக்கை வாங்குவதானால், விற்பவர் கேட்கும் விலையிலிருந்து புதிய பற்றரியின் விலையைக் கழித்தே பேச வேண்டும். பற்றரி அண்மையில்தான் மாற்றியது என்று விற்பவர் சொன்னால், உத்தரவாத அட்டையை வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணை வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.