வைஃபை கோளாறா, ஃபைபர் கோளாறா?

கொழும்பு வெள்ளவத்தை தொடர்மாடிகளில் இணையம் விட்டு விட்டு அறுந்தால் பலர் புது ரவுட்டர் வாங்கத்தான் ஓடுகிறார்கள். நான் முதலில் தேடுவது ஒரு லான் வயர். அதால் மடிகணினியை ரவுட்டரோடு நேரே கொழுவிப் பாருங்கள்.

வயரில் அறாமல் நின்றால் சந்தேகம் வைஃபை மேல்தான். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்களாகப் பொதுவாகப் பாவிப்பது 1, 6, 11 மூன்றையும்தான். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதற்குள்தான் நெருக்குப்படுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு கொங்கிரீட் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

வயரிலும் அறுகிறதா? ஃபைபர், அதாவது ஒளி வரும் கண்ணாடி இழை வயர், வீட்டில் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் 'எல்ஓஎஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. அலுமாரிக்குப் பின்னால் ஃபைபர் மடிந்திருக்கலாம். மெதுவாகத் தளர்த்துங்கள், கழற்றி முனையைத் தொடவோ உற்றுப் பார்க்கவோ வேண்டாம். அதற்குமேல் கம்பனிக்காரர் வேலை. அந்தச் சிவப்பு விளக்கு எரியாமலே இணையம் அறுந்தால் பவர் அடப்டரையும் ஒருக்கா மாற்றிப் பாருங்கள்.