ரெட்டெயிலா, ஷாவல்நோஸா, நம்ம வாளையா? வேலூர் வெயிலுக்கு எது செட் ஆகும்

கலர் மீன் கடையில விரல் நீளத்துக்கு இருக்கறப்போ ரெட்டெயிலும் டைகர் ஷாவல்நோஸும் பொம்மை மாதிரி இருக்கும், அதப் பாத்துட்டு நாலடி டேங்க் போதும்னு வாங்கினு வர்றவங்கதான் நிறைய பேரு. ரெண்டுமே தென் அமெரிக்க ஆத்துக் கெளுத்தி. ரெட்டெயில் நாலடி வரைக்கும் வளரும், 50 கிலோகூட வரும். ஷாவல்நோஸ் மூணடி சுமார், ஆனா ஒல்லி.

குணம்னு பாத்தா ரெட்டெயில் சோம்பேறி, அடியில படுத்தே கெடக்கும், ஆனா கூழாங்கல்லு, ஹீட்டர், கூட இருக்கற மீனு எது வாய்க்கு கெடச்சாலும் உள்ள போயிடும், அதனால தரையில ஒண்ணுமே போடக்கூடாது. ஷாவல்நோஸுக்கு பயம் ஜாஸ்தி. நைட்டு கரண்ட் போயிட்டு திடீர்னு லைட் வந்துச்சுன்னா பாஞ்சு போயி கண்ணாடில மோதும், மூக்கு நசுங்கி புண்ணாகும், நம்ம ஊரு கரண்டுக்கு இது தேவையா சொல்லுங்க.

வாளை நம்ம ஆறு ஏரியில இருந்த மீனு, சூட்ட அதுங்கள விட நல்லாவே தாங்கும். ஆனா வாய் கண்ணுக்கு பின்னாடி வரைக்கும் கிழிஞ்சிருக்கும், கூட எத விட்டாலும் காலி. தனியாதான் வெக்கணும், கலரும் வெறும் வெள்ளி.

இதெல்லாம் விட பெரிய தலைவலி தண்ணியோட வெயிட்டு. 10க்கு 6 அடி, மூணடி ஆழம்னு தொட்டி கட்டுனா தண்ணி மட்டுமே 5 டன், அத மொட்டை மாடியில ஏத்தறத நெனச்சுகூட பாக்காதீங்க. மே மாசம் 40 டிகிரி தாண்டுனா மாடித் தண்ணி கொதிக்கும், சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் நிக்காது, ரெட்டெயிலுக்கோ 26 டிகிரிக்குள்ள இருந்தாதான் சொகம். இதுல தீனி ஓவரா போட்டா கழிவுலருந்து வர்ற அம்மோனியா விஷம் வேற தண்ணில ஏறும். பெரிசானதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ மீன் துண்டு, எறா போதும், கோழி வேணாம்.

என்னக் கேட்டா, தரையில நெழல்ல சிமெண்ட் தொட்டி, பெரிய ஃபில்டர், இன்வெர்ட்டர்ல ஏர் பம்ப்பு எல்லாம் இருந்தா ரெட்டெயில். கண்ணாடி டேங்க் மட்டும்தான்னா மூணுமே வேணாம். கட்டுப்படலன்னு ஏரில விட்டுடாதீங்க, பண்ணைலருந்து தப்பிச்ச ஆப்பிரிக்கன் கெளுத்தி ஆறு ஏரில பரவித்தான் நாட்டு மீனையெல்லாம் தின்னுது, 2000லயே தடை போட்டும் இன்னும் ஒழியல. வாங்கறதுக்கு முன்னாடியே கடைக்காரர்கிட்ட திரும்ப எடுத்துப்பீங்களான்னு கேளுங்க, மூணடி மீனுன்னா பாதி பேரு சிரிச்சுட்டு போயிடுவாங்க.