விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா: எபிக் ஃபேன்டஸியும் வாள்-சூனியக் கதைகளும்

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டைச் சுற்றி வசிக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசிப்புக் குழு, இவ்வாண்டு முழுவதும் ஃபேன்டஸி புனைகதைகளையே வாசிப்பதென்று எளிதாக முடிவெடுத்துவிட்டது. அதில் எந்தப் பிரிவு என்பதில்தான் கருத்து பிளவுபட்டது. எபிக் ஃபேன்டஸி, அர்பன் ஃபேன்டஸி, தொன்மத்தைத் தழுவிய ஃபேன்டஸி, வாளும் சூனியமும் கலந்த சாகசக் கதைகள் ஆகிய நான்கும் முன்வைக்கப்பட்டன. பலருக்கும் அறிமுகமில்லாத கடைசிப் பிரிவையே இறுதியில் தேர்ந்தோம். அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வகைகளுக்கிடையே உள்ள வெளிப்படையான வேறுபாடுகளை விரித்துரைக்கத் தேவையில்லை. எபிக்கில் உலகமே அழிவின் விளிம்பில் நிற்கும். அர்பன் ஃபேன்டஸியில் நாம் அறிந்த நகரத்துக்குள் மாயம் நுழையும். தொன்ம வகை இதிகாச புராணங்களிலிருந்து கிளைக்கும். வாள்-சூனியக் கதைகளில் ஒரு திருடனோ கூலிப்படை வீரனோ தன் வயிற்றுக்காகவும் உயிருக்காகவும் போராடுவான், அவன் தோற்றாலும் உலகம் வழக்கம்போல நடக்கும். மொழியழகு, கற்பனை வளம், பாத்திர வார்ப்பு ஆகியவற்றைக் கொண்டு இவற்றைத் தரம் பிரிக்க முயல்வது வீண். நான்கிலும் மேலானவையும் உண்டு, குப்பையும் உண்டு.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வாசிப்பு அறுபட்டபின் மீண்டும் உள்ளே நுழைவது எவ்வளவு எளிது என்பது. எங்களில் பெரும்பாலோர் மென்பொருள் துறையில் வேலை செய்பவர்கள். காடுகோடியில் மெட்ரோ ஏறி எம்.ஜி. சாலையில் இறங்கும் வரை கிடைக்கும் நேரமே பலருக்கு வாசிப்பு நேரம். ரிலீஸ் நெருங்கிவிட்டால் அதுவும் கைப்பேசிக்குப் போய்விடும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது எந்த அரச குலம் எதனுடன் பகை, எந்தக் கணவாயில் யார் காத்திருக்கிறார் என்பதெல்லாம் நினைவிலிருந்து நழுவியிருக்கும். எபிக் தொடர் என்பது, ஓட்டாவிட்டாலும் அவ்வப்போது கிளப்பி வைக்க வேண்டிய பழைய வண்டியைப் போன்றது. இந்தப் பராமரிப்புச் செலவைப் பற்றி மதிப்புரைகள் அதிகம் பேசுவதில்லை.

அந்தச் செலவு இருப்பதை நூல்களே ஒப்புக்கொள்கின்றன. 1954-55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் முன்கதைச் சுருக்கத்துடன் தொடங்கின. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் அரச குலங்களின் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. அத்தொடரின் முதல் பாகம் 1996இலும் ஐந்தாம் பாகம் 2011இலும் வந்தன; ஆறாவது பாகத்துக்காக வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கியது. 2007இல் ஆசிரியர் மறைந்துவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதிய இறுதிப் பாகங்களோடு 2013இல்தான் 14 பாகங்களாக நிறைவுற்றது. இத்தனை காலம் ஒரு கதையை நினைவில் சுமப்பது சிலருக்கு இன்பம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்பத்துக்கு இடையறாத மாலை வேளைகள் வேண்டும். அவை எங்களிடம் இல்லை.

வாள்-சூனியக் கதைகள் பிறந்த இடமே வேறு. அவை மலிவுத் தாளில் அச்சான பரபரப்புக் கதை இதழ்களில் வளர்ந்தவை. சென்ற மாத இதழைத் தவறவிட்ட வாசகனும் இந்த மாதக் கதையைத் தயக்கமின்றிப் படிக்க வேண்டும் என்பதே அந்த இதழ்களின் தேவை. ராபர்ட் இ. ஹோவர்டின் கோனன் 1932 டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் அறிமுகமானபோதே ஒரு நாட்டின் அரசன்; அடுத்த சில மாதங்களில் வந்த ஒரு கதையில் அவன் யானைக் கோபுரத்தில் ரத்தினம் திருடப் போகும் இளைஞன். ஃபிரிட்ஸ் லைபரின் ஃபாஃபர்டு, கிரே மௌசர் என்னும் இணை 1939இல் அச்சில் தோன்றியது. அவ்விருவரும் சேர்ந்து செயல்படத் தொடங்கியது எப்படி என்பதைச் சொல்லும் குறுநாவலை அவர் 1970இல்தான் வெளியிட்டார். அது அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் வழங்கப்படும் ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் அந்த முன்கதை இல்லாமலேயே அக்கதைகளை ரசித்திருக்கிறார்கள் என்றால், விட்ட இடம் எது என்ற கவலையே இவ்வகையில் எழுவதில்லை என்றுதான் பொருள்.

நமக்கு இது புதிய வடிவமும் அன்று. முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தனும் ஒவ்வொரு கதையிலும் புதிதாகவே தொடங்குகிறான். அம்புலிமாமாவில் அக்கதைகளைப் படித்தவர் எவரும் முந்தைய இதழைத் தேடி அலைந்திருக்க மாட்டார். குழுவில் முதலில் தயங்கிய மூத்தவர்களின் மனத்தை மாற்றியதும் இந்த ஒற்றுமைதான்.

எங்கள் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்றாக அமைந்தவர் போலந்து எழுத்தாளர் அந்திரே சப்கோவ்ஸ்கி. அவருடைய விட்சர் கதைகளில் முதலாவது 1986இல் ஓர் இதழில் வெளியானது. கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் கெரால்ட்டைக் கொண்டு முதலில் சிறுகதைகளாக எழுதியவர், பின்னர் அதே நாயகனை 1994 முதல் 1999 வரை ஐந்து பாகங்கள் கொண்ட நெடுந்தொடருக்குள் கொண்டுசென்றார். ஒரே ஆசிரியர், ஒரே உலகம், ஒரே நாயகன் என்பதால் வடிவத்தின் வேறுபாட்டை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. சிறுகதைத் தொகுப்புகளை எந்த இடைவெளிக்குப் பிறகும் என்னால் தடையின்றித் தொடர முடிந்தது. நெடுந்தொடரின் இரண்டாம் பாகத்திலோ, மன்னர்களின் பேரப் பேச்சுகளுக்கு நடுவே யார் எந்தப் பக்கம் என்று பலமுறை பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருந்தது.

தொன்ம வகை இந்தச் சிக்கலை வேறொரு வழியில் கடக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்கள் கொண்டது. அதை ஃபேன்டஸி என்ற பெயருக்குள் அடைக்கலாமா என்பது தனி வழக்கு. எனினும் பீஷ்மர் யார், கர்ணன் யாருடைய மகன் என்று நம்மில் எவரும் பின்னிணைப்பைப் புரட்டப் போவதில்லை. நினைவில் சுமக்க வேண்டியதை நம் பாட்டிமார் சிறுவயதிலேயே ஏற்றிவைத்துவிட்டார்கள். இருந்தும் நாங்கள் அதைத் தேராததற்குக் காரணம், கூட்டங்களில் எங்களோடு அமரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு அந்த நினைவு முழுமையாக இல்லை என்பதும், விவாதம் கதையை விட்டு அடிக்கடி மூலத்தோடு ஒப்பிடுவதில் போய் முடியும் என்ற அச்சமும்தான்.

அர்பன் ஃபேன்டஸிக்கு எதிராக எனக்கு வலுவான வாதம் எதுவும் இல்லை. சென்னைப் பிராட்வே முனையில் கடவுளைச் சந்தித்துக் காபி குடிக்க அழைத்துப்போகும் புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வகையை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் படித்த ஆங்கில அர்பன் நாவல்களில் பல, துப்பறியும் தொடர்களின் அச்சில் வார்க்கப்பட்டவை என்பதே என் மனக்குறை; அந்தச் சிறு அனுபவத்தை வைத்து முழு வகையையும் எடைபோட மாட்டேன். காதலும் ஃபேன்டஸியும் கலந்த, ரொமான்டஸி என்று இப்போது கொண்டாடப்படும் வகையில் என் வாசிப்பு இன்னும் குறைவு. அதைப் பற்றிக் குழுவின் இளையவர்கள் எழுதுவதே முறை.

நாங்கள் தேர்ந்த வகையின் குறைகள் சிறியவை அல்ல. ஹோவர்டின் கதைகளில் பிற இனத்தவரும் பெண்களும் சித்திரிக்கப்படும் விதம் பல இடங்களில் இன்று சகிக்க முடியாதது. பிள்ளைகள் அமரும் கூட்டத்துக்கு அவரிடமிருந்து தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்க முடியும். மேலும், ஒரு பாத்திரம் ஆண்டுக்கணக்கில் உடைந்து, மாறி, முதிர்வதைக் காணும் நிறைவு எபிக்கில் கிடைப்பதுபோல இதில் கிடைப்பது அரிது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முடிவில் சாம் தன் வீட்டுக்குத் திரும்பும் பக்கம் நெஞ்சை அடைப்பதற்கு, அதற்கு முன்பு கடந்துவந்த நூற்றுக்கணக்கான பக்கங்களே காரணம்.

புத்தகம் வாங்குவதிலும் தனித்தனித் தொகுப்புகளே வசதி. சர்ச் தெருவின் பழைய புத்தக அடுக்குகளில் நெடுந்தொடர்களின் முதல் பாகங்கள் தாராளமாகக் கண்ணில் படுகின்றன. நடுப்பாகங்களைத் தேடும்போதுதான் கால் வலிக்கும். புதிதாகத் தொடங்குபவர் லைபரின் 1970ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஸ்வோர்ட்ஸ் அண்ட் டெவில்ட்ரி'யை எடுக்கலாம்; மேலே சொன்ன விருதுக் குறுநாவல் அதன் இறுதியில் இருக்கிறது, அதை முதலில் படித்துவிட்டு முன்பக்கத்துக்குத் திரும்பினாலும் இழப்பில்லை. அதற்கடுத்து விட்சர் சிறுகதைகளுக்குப் போகலாம்; ஐந்து பாக நெடுந்தொடரை நீண்ட விடுப்பு கிடைக்கும் மாதத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.